சுரண்டச் சுரண்ட முளைக்கும்

புல்லுக்கு வர்த்தமானி போட்ட நாடு நம்முடையது. 2015 ஜூனில் கிளைபோசேட் என்னும் களைகொல்லி தடை செய்யப்பட்டது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் என்று அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு சேர்த்துப் பூச்சிகொல்லி, களைகொல்லி யாவற்றின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. 2022 ஓகஸ்டில் கிளைபோசேட் மீண்டும் உள்ளே வந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் கொழும்பு நான்கு தடவை தன் மனத்தை மாற்றிக்கொண்டது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் புல் ஒரு தடவையேனும் தன் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளும் நமது பத்திரிகைகள் இரண்டே இரண்டு கட்சிகளைத்தான் கண்டன. ஒரு கட்சி, வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோயைக் காட்டி நஞ்சை ஒழி என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது அதற்குக் கை கொடுத்தது. மற்றக் கட்சி தோட்டக் கம்பனிகளுடையது. களைகொல்லி இல்லையேல் தேயிலை இல்லை என்று அது கணக்குக் காட்டியது. தடைக்குப் பின்னர் சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடியதையும், எம்சிபிஏ என்னும் மருந்தின் எச்சம் இருந்ததால் இலங்கைத் தேயிலை ஜப்பானில் சிக்கலுக்குள்ளானதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்விரு கட்சிகளின் வாதங்களையும் இங்கே நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. இரண்டுக்கும் நடுவே, எவரும் மறுத்துரைக்காமல் உண்மைபோல் நிலைத்துவிட்ட ஒரு பேச்சு உண்டு. அதை மறுப்பதே என் நோக்கம்.

அந்தப் பேச்சு இதுதான்: "இந்தச் சனங்களுக்கு முன்னைப்போல் புல் வெட்டத் தெரியாது. ஒழுங்காகச் சுரண்டினால் புல் ஏன் மறுபடி வருகிறது?"

இதை நான் தோட்டத்துரைமார் வாயால் கேட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். இன்னும் வருத்தத்துக்குரியது, லயத்தில் பிறந்து படித்துப் பட்டம் பெற்றுக் கொழும்பில் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் நம்மவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சு அநீதியானது. அநீதி ஒருபுறம் இருக்க, இது விஞ்ஞானத்துக்கும் முரணானது. ஒழுங்காகச் சுரண்டுவதனால்தான் புல் மறுபடி வருகிறது. எவ்வளவு ஒழுங்காகச் சுரண்டுகிறோமோ அவ்வளவு ஒழுங்காக வருகிறது.

நான் கலைப்பட்டதாரி. தாவரவியலை முறையாகக் கற்றவன் அல்லன். ஆயினும் இவ்விடயத்தைப் புரிந்துகொள்ள ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை.

களைச்செடி ஒன்று பூத்துக் காய்த்து உதிர்க்கும் விதைகள் யாவும் அடுத்த மழைக்கே முளைத்துவிடுவதில்லை. பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது. மழைநீர், மண்புழு, மனிதக் கால், மண்வெட்டி எல்லாம் சேர்ந்து அதைப் புதைக்கின்றன. புதைந்த விதை அங்கே செத்துக் கிடப்பதாக நினைப்பவர் ஏமாறுவார். அது காத்திருக்கிறது. எதற்காக? ஈரத்துக்காக மட்டுமா? மலையகத்து மண்ணில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரை நெருங்கி மழை பெய்கிறது. ஈரம் இருந்தும் முளைக்காமல் கிடக்கும் அந்த விதை காத்திருப்பது வெளிச்சத்துக்காக.

விதைக்குள் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பு அதன்மீது பட்டால் அது விழித்துக்கொள்கிறது. சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அப்பாற்சிவப்பு பட்டால் மீண்டும் உறங்கிவிடுகிறது. 1952 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் சலாது விதைகளை வைத்து இதனைக் கண்டறிந்தார்கள். சிவப்பைக் காட்டினால் முளைத்தன. சிவப்புக்குப் பின் அப்பாற்சிவப்பைக் காட்டினால் முளைக்கவில்லை. மாறி மாறிக் காட்டியபோது கடைசியாகக் காட்டியது எதுவோ, அதற்கே விதை கட்டுப்பட்டது.

இப்போது ஒரு தேயிலைச் செடியின் கீழே குனிந்து பாருங்கள். பச்சை இலை சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத் தனக்கென்று உறிஞ்சிக்கொண்டு அப்பாற்சிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. எனவே இலைக்கூரையின் கீழே கிடக்கும் விதைக்கு "மேலே ஆள் இருக்கிறது, இப்போது எழும்பாதே" என்ற செய்தி போய்ச் சேர்கிறது. மண்ணுக்குள்ளோ சில மில்லிமீற்றருக்குக் கீழே எந்த ஒளியும் எட்டுவதில்லை. அடர்ந்து மூடிய தேயிலை மேசையின் அடியில் புல் இல்லாதிருப்பதன் இரகசியம் இதுவே. எந்தக் களைகொல்லியும் அங்கே அடிக்கப்படவில்லை. எந்தப் பெண்ணும் அங்கே குனிந்து நிற்கவில்லை.

அடுத்த செய்திதான் முக்கியமானது. வேல்ஸ் நாட்டில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த வெஸன், வேரிங் என்ற இருவர் 1969 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புல்தரையில் இருட்டில் குழி தோண்டினார்கள். சில குழிகளை வெளிச்சம் புகாதபடி மூடினார்கள், சிலவற்றை வெளிச்சத்துக்கு விட்டார்கள். வெளிச்சம் பட்ட குழியில் நாற்றுகள் எழுந்தன. மூடிய குழியில் எழவில்லை. இதைவிட வியப்பு, புதைவதற்கு முன் இருட்டிலும் முளைக்கக்கூடியதாக இருந்த விதைகள்கூட, மண்ணுக்குள் கிடந்த பிறகு வெளிச்சம் கேட்கத் தொடங்கிவிட்டன. 1991 இல் ஆர்ஜென்ரீன விஞ்ஞானிகள் ஊமத்தை இனமொன்றின் விதையை வைத்து இன்னும் ஒரு படி சென்றார்கள். மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்த விதை ஒளிக்குப் பன்மடங்கு கூர்மையான உணர்ச்சியைப் பெற்றுவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த வெயில் அதற்குப் போதும். மண்ணைக் கிளறும்போது விதை ஒரு புரளு புரண்டு, ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் விழுந்தாலும், அது வேண்டிய செய்தியைப் பெற்றுக்கொண்டுவிட்டது.

எவ்வளவு காலம் காத்திருக்கும் என்று கேட்பீர்கள். வில்லியம் பீல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1879 இல் மிச்சிகனில் இருபது போத்தல்களில் களைவிதைகளை மணலோடு கலந்து புதைத்துவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் குறித்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து வருகிறார்கள். 2021 ஏப்ரலில் ஒரு போத்தலை எடுத்தபோது, 141 ஆண்டுகள் கடந்த பின்னரும் அதிலிருந்து இருபது செடிகள் முளைத்தன. அந்தப் போத்தலை அவர்கள் எப்போது தோண்டினார்கள் தெரியுமா? விடியுமுன், இருட்டில். வெளிச்சம் பட்டால் கணக்குப் பிழைத்துவிடும் என்ற அச்சத்தினால். பேராசிரியர்கள் ஒரு போத்தல் விதைக்கு அஞ்சி இருட்டில் மண்வெட்டி பிடிக்கிறார்கள். நாமோ பட்டப்பகலில் ஏக்கர் ஏக்கராக மண்ணைச் சுரண்டிவிட்டு, புல் ஏன் வந்தது என்று தொழிலாளியிடம் விளக்கம் கேட்கிறோம்.

சுரண்டி என்ற கருவியை மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்கள் கண்டிருக்கமாட்டார்கள். புல்லை வேரோடு பிடுங்குவதற்குப் பதிலாக, மண்ணின் மேற்பரப்பை வழித்தெடுத்துக்கொண்டு போகும் ஒரு தகடு. அதைக்கொண்டு வழித்த மலை பார்வைக்கு வெகு சுத்தமாக இருக்கும். கோப்பிக் காலத்து வெள்ளைக்காரத் துரைக்கு அந்தச் சுத்தத்தின்மீது ஒரு மோகம் இருந்தது. பச்சை ஒன்று தலைகாட்டக்கூடாது, செம்மண் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதே நல்ல தோட்டத்துக்கு இலக்கணம். ஏக்கருக்கு மாதம் இவ்வளவு என்று கங்காணிக்குப் புல்வெட்டுக் கொந்தரப்புக் கொடுக்கப்பட்டது. 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. கோப்பி போயிற்று, துரை போனார், சுரண்டி மட்டும் போகவில்லை. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சுரண்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. சுற்றறிக்கை தோட்டக் காரியாலயத்துக் கோப்பில் இருக்கிறது. சுரண்டி மலையில் இருக்கிறது.

சுரண்டி, சுரண்டல் என்ற இரண்டு சொல்லும் ஒரே வேரில் நிற்பது தமிழின் தற்செயல் என்று எவரேனும் சொன்னால், அவர் மலையகத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம், அங்கே இன்னும் வேலை செய்கிறார்கள்) ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தேன். அன்று கொழுந்து குறைவு என்பதால் புல்லுக்கு அனுப்பியிருந்தார்கள். கொடுக்கப்பட்ட அளவு முடியவில்லை என்று முதல்நாள் அவருக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள்.

"நாங்க இந்தப் பக்கம் சுரண்டிக்கிட்டுப் போறோம், அந்தப் பக்கம் மொளைச்சுக்கிட்டு வருதுங்க ஐயா. கணக்கப்பிள்ளை வந்து, நீ வேலை செய்யலேங்கிறாரு" என்றார்.

"முந்தி எப்படி அம்மா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா காலத்துல கையால புடுங்கி, அங்கேயே மண்ணு மேல கவுத்துப் போட்டுட்டு வருவாங்க. வாசி எல்லாம் கெடையாது. மரம் நெருக்கமா இருந்துச்சு. இதோ பாருங்க, இந்த மரத்தடியில புல்லு இருக்கா? இல்லையே. அந்த மொட்டையில பாருங்க."

வாசி என்று அவர் சொன்னது செடி செத்து நிரப்பப்படாமல் கிடக்கும் வெற்றிடத்தை. பெல்ட்ஸ்வில்லில் கருவிகளோடு கண்டறிந்ததை இந்தப் பெண்மணி இடுப்பு வலியோடு கண்டறிந்திருக்கிறார். அவரிடம் எவரும் கேட்கவில்லை. அரைப்பேர் மட்டும் போட்டார்கள்.

விதையால் வருவது ஒரு வகை. ஊதாப் பூங்கொத்தும் ஆட்டுக்கிடாய் நாற்றமும் உடைய அஜெரேட்டம் அதற்கு நல்ல உதாரணம். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தள்ளும், அந்த விதை வெளிச்சத்தை வேண்டி நிற்கும். இலுக்கும் இஞ்சிப்புல்லும் வேறு வகை. அவற்றுக்கு விதை ஒரு பொருட்டல்ல, நிலத்தடித் தண்டே போதும். சுரண்டி அந்தத் தண்டை நாலாக வெட்டினால் நாலும் தழைக்கும். ஆக, சுரண்டியால் முதல்வகை விழிக்கிறது, இரண்டாம்வகை பெருகுகிறது. இதற்குப் பெயர் களையெடுப்பாம்! கொடியவரைத் தண்டிக்கும் அரசனைப் பயிர் காக்கக் களைகட்டும் உழவனுக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். அந்த உவமையைப் பிடித்துக்கொண்டு நம் அரசியல்வாதிகளும், ஆயுதம் ஏந்தியவர்களும், கட்சிச் செயலாளர்களும் தத்தமக்கு ஆகாதவரை எல்லாம் "களையெடுத்த" கதை நமக்குத் தெரியும். அங்கும் சுரண்டிய இடத்தில்தான் அதிகம் முளைத்தது என்பதை இலங்கை வரலாறு அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக் கார்ல் ஹார்ட்மன் 1990 இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே வயலில் ஒரு பாகத்தைப் பகலிலும் மற்றதை இரவிலும் உழுதார்கள். பகலில் உழுதது ஏறத்தாழ 80 சதவீதம் களையால் மூடியது, இரவில் உழுததில் களை மூடியது 2 சதவீதம் மட்டுமே. பின்னர் மற்றவர்கள் செய்த சோதனைகள் எல்லாம் இத்தனை பளிச்சென்று பலன் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்தத் துரையாவது இரவு பத்து மணிக்குப் பெரட்டு வைக்கலாமே என்று யோசிப்பாரோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. பகலிலே குளவி கொட்டுகிறது, அட்டை கடிக்கிறது. இரவில் சிறுத்தை உலாவும் மலை அது. அவரே முதலில் சுரண்டியோடு இறங்கட்டும்.

இங்கே களைகொல்லிக் கட்சிக்கு ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்வது நேர்மை. கிளைபோசேட் நிற்கும் செடியைக் கொல்கிறது, மண்ணைக் கிளறுவதில்லை. செத்த புல் அங்கேயே கிடந்து மண்ணை மூடுகிறது. விதையை எழுப்பாத அளவில் அது சுரண்டியைவிட மேலானது. ஆனால் மண்ணுக்குள் உறங்கும் விதையை அது தொடுவதே இல்லை. மூடிய செத்த புல் மக்கிப் போனதும் வெளிச்சம் திரும்பி வருகிறது, விதை எழுகிறது, மருந்து மறுபடி வாங்கப்படுகிறது. 2015 இல் தடை போட்டவர்களோ, மருந்தைப் பறித்த கையில் என்ன கொடுக்கப்போகிறோம் என்று ஒரு நிமிடம் எண்ணவில்லை. நான் சென்று பார்த்த தோட்டங்களில் அந்தக் கைக்கு மீண்டும் வந்தது சுரண்டிதான். நஞ்சிலிருந்து மக்களைக் காப்பாற்றியதாக மேடையில் பேசியவர்கள், அந்தச் சுமை எந்தப் பெண்களின் முதுகில் இறங்கியது என்று பார்க்க ஹட்டன் வரை ஒரு புகையிரதச் சீட்டுக்கூட வாங்கவில்லை.

நோய் எங்கே இருக்கிறது? கூரையில் இருக்கிறது. இலைக்கூரை பிளந்துவிட்டது, அந்தப் பிளவு வழியாகத்தான் புல் வருகிறது. கூரையைப் பிளந்தவர் யார்?

பழைய விதைத் தேயிலை மலைகளில் செத்த செடிக்கு மாற்றுச் செடி நடுவது பல தோட்டங்களில் நெடுநாளாகக் கைவிடப்பட்ட வேலை. தவரணை வைக்கவேண்டும், கன்று வளர்க்கவேண்டும், பலன் வரச் சில ஆண்டுகள் பொறுக்கவேண்டும். காலாண்டு இலாபத்தைப் பார்க்கும் கம்பனிக்கு அந்தப் பொறுமை ஏது? மறுநடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு ஆண்டு மானாப் புல்லோ கோதமாலாப் புல்லோ நட்டு மண்ணைத் தேற்றவேண்டும் என்பதும் அப்படியே. 2021 இல் உரம் நின்றது. செடி மெலிந்தது, இலை குறைந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியனாக விழுந்தது. கொழுந்து குறைந்ததைப் பத்திரிகைகள் எழுதின. குறைந்த ஒவ்வோர் இலைக்கும் பதிலாகத் தரையில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை எழுதியவர் இல்லை.

பிறகு கவ்வாத்து. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கூரை முழுவதும் ஒரே நாளில் போய்விடுகிறது. மலை மொட்டையாகிறது. வெட்டிய வாதையும் இலையையும் அங்கேயே பரப்பி மண்ணை மூடிவிட்டால், புதுத்தளிர் வந்து கூரை மூடும்வரை விதை உறங்கும். ஆனால் வாது லயத்து அடுப்புக்குப் போகிறது. இதற்கும் தொழிலாளியையே திட்டுகிறார்கள். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்குக் கொழும்பில் வரிசையில் நின்றவர்கள் சிறிது நினைத்துப் பார்க்கட்டும். லயத்துக் குடும்பத்துக்கு விறகு வேறெங்கிருந்து வரும்? தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தில் விறகு மரம் நட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், கவ்வாத்து வாது மலையிலேயே கிடக்கும். களைகொல்லிக்குச் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டு எந்தக் கணக்காளராவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

"புல்லை விட்டால் உரத்தை அது தின்றுவிடும், கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அட்டைக்கடி" என்று பதில் வரும். எல்லாப் புல்லையும் விடச் சொல்லவில்லை. இளந்தேயிலைக்குச் சுற்றிலும் இடம் வேண்டும் என்பது உண்மை. இலுக்கை முள்ளால் கிளப்பிக் கிழங்கோடு எடுக்கத்தான் வேண்டும். உயர வளரும் களையைப் பூக்குமுன் அரிவாளால் அறுத்து அங்கேயே போட்டால் புதிய விதை சேராது, பழைய விதை எழாது. புளியாரை, வல்லாரை போல் தரையோடு தவழும் மென்பூண்டு தேயிலைக்குப் பெரிய எதிரி அல்ல. மண்ணுக்கு அது போர்வை. ஆனால் எது எதிரி, எது போர்வை என்று தெரிந்து பிரித்தெடுப்பது கண்ணும் அறிவும் வேண்டிய வேலை. அதை அரைப்பேர் வேலையாக வைத்துக்கொண்டு நடக்காது.

போர்வை போன மண் எங்கே போகிறது என்பதைப் புதிதாக ஆராயவேண்டியதில்லை. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழு 1931 இலேயே தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வண்டலால் பெருமளவு தூர்ந்தது. மேற்பரப்பு மண் ஒரு மழையோடு போனால், அடியிலிருந்த மண் மேற்பரப்பாகிறது, அதிலிருந்த விதைகளும் வானத்தைப் பார்க்கின்றன. மறுமாதம் மறுபடி சுரண்டுகிறோம். இப்படிப் பார்த்தால் நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் மலையிலிருந்து புல்லை அகற்றவில்லை. புல்லை மாதச் சம்பளத்துக்கு வைத்துப் பயிரிட்டுக்கொண்டு, மலையைத்தான் அகற்றியிருக்கிறோம்.

அந்த மண்தான் இன்று தொழிலாளர் கேட்கும் மண். ஏழு பேர்ச்சுக்கும் பத்துப் பேர்ச்சுக்கும் போராடும் மக்கள் அவர்கள். கைவிடப்பட்ட தேயிலை மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளரிடமே பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் திட்டத்தை இப்போது கம்பனிகள் புதிய விடிவாகப் பேசுகின்றன. எத்தகைய மலை அப்படிக் கொடுக்கப்படும் என்பதை ஊகிக்க முடியாதவர் உண்டா? வாசி விழுந்து, மேல்மண் போய், விதை நிறைந்த மலைதான் வரும். கம்பனி சுரண்டிவிட்ட மண்ணில் முளைக்கும் புல்லை, இனி அந்தக் குடும்பம் தன் சொந்தச் செலவில் பிடுங்கும்.

சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் கிலோக் கணக்குத்தான் பேசப்படுகிறது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோதும், 2024 செப்டம்பரில் அடிப்படை 1350 ரூபாவானபோதும், எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு பேர் என்பதே வாதம். புல்லுக்குப் போன நாளில் எந்த முறையில் வேலை வாங்கப்படுகிறது, எந்தக் கருவி கையில் கொடுக்கப்படுகிறது, மறுபடி முளைத்த புல்லுக்கு அரைப்பேர் போட எவருக்கு அதிகாரம் என்ற கேள்விகளைத் தொழிற்சங்கங்கள் மேசையில் வைக்கவே இல்லை. அடுத்த பேச்சுக்குப் போகும் தலைவர்கள் சென் கூம்ஸ் சுற்றறிக்கையின் பிரதி ஒன்றையும், கூடவே ஒரு சுரண்டியையும் எடுத்துக்கொண்டு போகட்டும். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இதில் எதை நீங்கள் பின்பற்றுகிறீர்கள் என்று கம்பனிக்காரரிடம் கேட்கட்டும்.